பிரின்ஸிக்காகப் போட்ட கையெழுத்து

இயேசு மரி சூசை துணை

திருவிடைமருதூர்
ஐப்பசி 9

அன்பு மகன் ஆல்பினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தில் நானும் உன் தங்கச்சி பிரின்ஸியும் சுகமாக இருக்கிறோம், கத்தாரில் வெயில் தணிந்ததா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதே எனக்கு நினைப்பு. தினமும் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் பேசும்போது அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அவள் காதில் விழாமல் இதைச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. நம் மூன்று மா நிலத்திலும் சம்பா நட்டாயிற்று, மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, அது கிடக்கட்டும்.

போன சனிக்கிழமை கும்பகோணத்துக்கு, அவள் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்குப் போய்வந்தேன். அப்பா இறந்த பிறகு எல்லாக் கூட்டத்துக்கும் நீதான் போனாய், நான் அந்தக் கேட்டைத் தாண்டியதே இல்லை. நீ சொன்னபடி முந்தின நாளே அவளிடம், டீச்சர் உன்னைப் பத்தி என்ன சொல்லுவாங்க என்று கேட்டேன், ஒண்ணும் சொல்லமாட்டாங்க என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எந்தப் பாடத்தில் தடுமாறுகிறாள், வகுப்பில் வாய் திறக்கிறாளா, வீட்டில் நான் என்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி மடித்து எடுத்துப்போனேன். பெஞ்சுகளில் அப்பாவும் அம்மாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்து இடத்தைக் காட்டி, யாராவது வருவாங்களா என்று ஒருவர் கேட்டார், இல்லீங்க என்றேன், அங்கே பையை வைத்துக்கொண்டார். அப்போது உன்னைத்தான் நினைத்தேன்.

வகுப்பு டீச்சர் பெயர் ஹஃப்ஸா. சின்ன வயதுதான், என்னைப் பார்த்ததும் எழுந்து வாங்கம்மா என்றார். தாளைப் பிரித்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டேன், மெதுவா கேளுங்க, அவசரமில்ல என்றார். காலாண்டுத் தேர்வில் கணக்கில் இவள்தான் முதல் மதிப்பெண்ணாம், வேதியியல்தான் இழுக்கிறதாம். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிக் காட்டினார், பூராவும் வீட்டுப் படம், வாசல் எங்கே, ஜன்னல் எங்கே, காற்று எந்தப் பக்கமாக வரும் என்று கோடு கோடாகப் போட்டிருக்கிறாள். கட்டடக்கலை படிக்கவேண்டிய பொண்ணும்மா, சென்னையில சேரலாம், நுழைவுத் தேர்வுக்கு இப்பவே விண்ணப்பிக்கணும், இவ மாட்டேங்குறா என்று ஒரு படிவத்தை நீட்டினார். மேற்படிப்பு விருப்பம் என்ற இடத்தில் சென்னை என்று எழுதி அடித்துவிட்டு, தினமும் வீட்டுக்குத் திரும்பி வருகிற மாதிரி ஏதாவது என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, அண்ணனும் போயிருச்சு, நானும் போயிட்டா எங்கம்மா உலையே வைக்கமாட்டாங்க டீச்சர் என்றாளாம்.

அவள் சொன்னது பொய்யில்லை ஆல்பின். ஆடி மாதம் அவள் பள்ளிக்கூடச் சுற்றுலா போயிருந்த இரண்டு நாளும் நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. கவிழ்த்த பானை அப்படியே இருந்ததை வந்து பார்த்தாள், சோறு வடித்து எனக்குப் போட்டுவிட்டுத்தான் உடை மாற்றினாள். எதிரே ஆள் இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. உன்னிடம் இதைச் சொல்லாமலே வைத்திருந்தேன்.

நீங்க தனியா இருந்துக்குவீங்களாம்மா என்று டீச்சர் கேட்டார். இருந்துக்குவேன், குடுங்க டீச்சர் என்று வாங்கி, சென்னை என்று அவரையே மறுபடி எழுதச் சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டேன். வகுப்பு முடிந்து என்னோடு வந்தவளிடம் பஸ்ஸில் சொன்னேன். இறங்கி நடக்கும்போது, அப்ப நீ யாரோடம்மா சாப்புடுவ என்று கேட்டாள். பசிச்சா தானா சாப்புடுவேன், போடி என்று முன்னால் நடந்தேன். பின்னால் அழுதுகொண்டே வந்தாள், நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய் அந்தக் கையெழுத்தை அடித்துவிட்டு வந்திருப்பேன். திங்கட்கிழமை விண்ணப்பம் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் அவளுக்கு வேதியியல் சொல்லிக்கொடு. அம்மா தனியா இருப்பாங்களே என்று மட்டும் உன் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது, அந்த ஒரு வார்த்தை போதும், அவள் நின்றுவிடுவாள். அவள் போன பிறகு, நீ சாப்பிட உட்காரும்போது எனக்கு ஒரு போன் போடு. பேசக்கூட வேண்டாம், தட்டுச் சத்தம் கேட்டால் போதும், நானும் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

ஏசி அறையில் ஈரத்தலையோடு படுக்காதே. ஆரோக்கிய மாதா உன்னைக் கைவிடமாட்டாள்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
பாத்திமா மேரி