டிசைனர் வைத்துத் திருத்திய வீடு

இஞ்சாருங்கோ,

இன்றைக்குக் காலையில் பக்கத்து வளவில் கேற்றுக்குப் பெயின்ற் அடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். டேபன்டைன் மணம் மதிலைத் தாண்டிக் குசினிக்குள் வந்ததும், "சேட்டைக் கழற்றி வெளியில போட்டுட்டு உள்ளுக்கு வாங்கோ" என்று என் வாய் தானாகவே சொல்லிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் யாருக்குச் சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அப்படியே நின்றுவிட்டேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. போய்ச் சேர்ந்த பிறகும் எனக்கு வேலை வைக்கிற மனிதர் நீங்கள்.

வீடு திருத்தத் தொடங்கிய நாளிலிருந்து உங்கள் மணம் இதுதான். மற்றப் பெண்களின் புருஷன்மார் கடலிலிருந்து மீன் மணத்தோடு வருவார்கள். ஓலைத்தொடுவாயில் பிறந்தும் உங்களுக்குக் கடல் பிடிக்கவில்லை. மேசன் வேலை பழகிக் கட்டாருக்குப் போனீர்கள். சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்தபோது, டவுணிலும் பள்ளிமுனையிலும் ஓடு கழன்ற வீடுகளும் கூரையே இல்லாத வீடுகளுமாகக் கிடந்தன. உரித்துக்காரர் பிரான்சிலும் கனடாவிலும் இருந்தார்கள். அப்படி ஒன்றை வாங்குவது, திருத்துவது, ஊருக்குத் திரும்பி வருகிறவர்களுக்கு விற்பது, அந்தக் காசில் அடுத்ததை வாங்குவது. இதுதான் எங்கள் சீவியம் ஆயிற்று.

வாடகை வீடு வீண் செலவு என்று, திருத்துகிற வீட்டிலேயே என்னையும் குடி வைத்தீர்கள். சீமெந்துத் தூசிக்குள்தான் சமையல், சாந்துச் சட்டிக்குப் பக்கத்தில்தான் பாய். கூரை ஒழுகுகிறவரைக்கும் நாங்கள் இருப்போம். ஒழுக்கு நின்று, சுவர் வெள்ளையாகி, வீடு கண்ணுக்கு வடிவாகிற நேரம் பார்த்து அலுமாரியைத் தூக்குவோம். ஒரு கலண்டர் மாட்டக்கூட விடமாட்டீர்கள். "ஆணி அடிக்காதை, வாங்க வாறவன் சுவரைத்தான் முதல் பாப்பான்" என்பீர்கள். வீடு பார்க்க ஆட்கள் வருகிற நாட்களில் மீன் பொரிக்கவும் தடை. பள்ளிமுனையில் பிறந்தவள் தன் குசினியில் மீன் பொரிக்க உத்தரவு கேட்க வேண்டியிருந்தது. அந்த அநியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

குசினி மேடைகளோ எல்லாமே எனக்கு உயரம். நான் குள்ளம், மறைக்கவா முடியும். கால் வைக்க ஒரு கொங்கிறீற் கல்லைத் தூக்கிவந்து போடுவீர்கள். அதில் ஏறி நின்று தேங்காய் துருவி, இறங்கித் தண்ணீர் எடுத்து, திரும்ப ஏறி, முழங்காலில் நோவும் வந்து சேர்ந்தது.

பிள்ளைகள் இல்லாத எங்களுக்கு வேறு என்ன ஆசை இருந்தது? ஒவ்வொரு வீடும் கைமாறுகிற நாளில் நான் கேட்டது ஒன்றைத்தான். "எனக்கு விக்காத வீடு ஒண்டு வேணும்." நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்வீர்கள், "அடுத்தது உனக்குத்தான்." அந்த அடுத்ததற்கும் ஒருவன் டொலரோடு வந்து நிற்பான். அதற்கப்புறம் உங்கள் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

கடைசியாக வாங்கியது கோயிலுக்குப் பின்னாலுள்ள இந்த வீடு. கூரை வேலை முடிந்த ஒரு நாள், முருங்கனிலிருந்து ஸ்கூட்டியில் வந்த ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தீர்கள். பெயர் ஜெனிற்றா, கொழும்பில் படித்தவள், இன்டீரியர் டிசைனர் என்றீர்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கதிரையை எங்கை போடுறதெண்டு காசு குடுத்துக் கேக்கிறவனுக்கு விசர்" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த மனிதர் அல்லவா நீங்கள்? அந்தப் பிள்ளைக்கு முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு இப்ப விசரே?"

"இப்ப வெளிநாட்டு ஆக்கள் அதைத்தானப்பா பாக்கினம்" என்றீர்கள். "வடிவாச் செய்து படம் எடுத்துப் போட்டாத்தான் விக்கும்."

ஜெனிற்றா என்னைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தாள். பிறகு சுவர்களைப் பார்க்கவில்லை, என்னிடம்தான் கேட்டாள். "அன்ரி, இந்த வீட்டில ஆர் இருக்கப் போகினம்? ஆக்களைத் தெரியாமல் என்னால வரையேலாது."

"வாங்கிறவை இருப்பினம், எங்களுக்கென்ன தெரியும்" என்றேன். நீங்கள் அவசரமாக இடையில் புகுந்து, "வாங்கோ பிள்ளை, அதை நான் சொல்லுறன்" என்று அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். கன நேரம் கதைத்தீர்கள். நான் தேத்தண்ணியோடு வந்ததும் கதை நின்றது. சீனி போதுமோ என்று கேட்டுவிட்டு நானும் திரும்பி வந்துவிட்டேன்.

அதன் பிறகு இந்த வீடு போன போக்கு எனக்கு விளங்கவேயில்லை. குசினி மேடை உயரமில்லாமல் பதிவாக எழும்பியது. எட்டாத உயரத்தில் ஒரு தட்டுக்கூட இல்லை. வாசற்படியை உடைத்து உயரம் குறைந்த படிகளாகக் கட்டினீர்கள். குளியலறைச் சுவரில் கைபிடி. குசினியிலிருந்து கோயில் றோட்டைப் பார்க்க ஒரு பெரிய ஜன்னல். எல்லாவற்றையும்விட, இருந்த இரண்டு அறைகளில் ஒன்றை இடித்துக் குசினியோடு சேர்த்துவிட்டீர்கள். ஒற்றை அறை வீட்டை எந்தக் குடும்பம் வாங்கும்? கத்தினேன். "கனடாவில இருந்து வாறதுகள் நெட்டை நெட்டையா வந்து நிக்குங்கள். இந்த மேடையில குனிஞ்சு முதுகு முறியப் போகுது. அந்தப் பெட்டைக்குப் படிப்புத்தான் இருக்கு, விபரம் இல்லை!"

நீங்கள் சாந்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். அந்த மேடையைக் கட்டுவதற்கு முதல் நாள் அளவு நாடாவோடு வந்து என்னைச் சுவரோடு நிற்கச் சொல்லியிருந்தீர்கள்.

"என்னத்துக்கு?"

"பொம்பிளையளின்ர உயரம் ஒண்டு வேணும், கணக்குப் பாக்க."

"ஊரில வேறை பொம்பிளையள் இல்லையே?"

"மற்றவையை அளந்தா அடி விழுமடியப்பா."

இரண்டு பேரும் சிரித்தோம். நாங்கள் சேர்ந்து சிரித்த கடைசி நாள் அதுவாகத்தான் இருக்க வேண்டும். கூரை வேலை நடக்கும்போதே குழாய், பிற்றிங் எடுக்கவென்று கொழும்புக்குப் போய்வந்த நீங்கள், அதற்குப் பிறகு அடிக்கடி போனீர்கள். போனபோதெல்லாம் வெறுங்கையோடுதான் வந்தீர்கள். ஏன் இப்படி மெலிந்துபோனீர்கள் என்று கேட்டால், "கொழும்புச் சோறு வயித்துக்குச் சரிவரேல்லை" என்றீர்கள். நான் அதை நம்பி ரசம் வைத்துத் தந்தேன். கடைசியில் எழும்ப முடியாமல் படுத்த பிறகுதான் உங்கள் வயிற்றில் புற்று இருக்கிறது என்றும், கொழும்புக்குப் போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு என்றும் எனக்குச் சொன்னார்கள். பெயின்ற் அடிப்பதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

செத்தவீட்டுக்கு ஜெனிற்றா வந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வேலை தந்த மனிதருக்காக இப்படி அழுகிற பிள்ளையா என்று அந்த நிலையிலும் ஆச்சரியப்பட்டேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் வீட்டை விற்றுவிட்டுத் தங்கச்சி வீட்டோடு போய் இருப்பதென்று முடிவெடுத்தேன். வேறு எனக்கு என்ன செய்யத் தெரியும்? இத்தனை வருஷமும் வீடென்றால் விற்பதுதான். புரோக்கர் கனடாவிலிருந்து வந்த ஒரு தம்பதியைப் பிடித்துத் தந்தார். அவர்கள் வருகிற நாள் காலையில் ஜெனிற்றாவைக் கூப்பிட்டு, அவர்களுக்குப் பிடித்தால் உடனே தொடங்க வேண்டிய வேலையைச் சொன்னேன். மேடையை உயர்த்த வேண்டும், மேல் தட்டுகள் அடிக்க வேண்டும், குசினியை மறித்து இன்னொரு அறை எடுக்க வேண்டும். அவள் மேடையில் கையை வைத்தாள்.

"அன்ரி, இதை உயர்த்த வேண்டாம்."

"ஏன், சீமெந்து தட்டுப்பாடோ?"

"இது உங்கட உயரம், அன்ரி."

எனக்கு விளங்கவில்லை. அவள் என்னை முக்காலியில் இருத்திவிட்டுச் சொன்னாள். கிணற்றடியில் நீங்கள் சொன்னது முழுவதையும் சொன்னாள். "ஆள் கட்டை. முழங்கால் நோ, படி ஏற மாட்டா. மீன் பொரிப்பா, புகை போக வழி வேணும். சோளகக் காத்து உள்ளுக்கு மண் கொண்டு வந்தா வீட்டைத் தலைகீழாப் புரட்டிப்போடுவா. ஆரோடையாவது கதைக்காட்டி அவவுக்குப் பொழுது போகாது, கோயிலுக்குப் போற வாற சனம் ஜன்னலுக்கால தெரிய வேணும். இதுதான் அங்கிள் சொன்னவர். நான் ஆரோ வெளிநாட்டில இருந்து தனிய வாற அம்மாவெண்டுதான் நினைச்சனான்."

பிறகு மிச்சத்தையும் சொன்னாள். "எத்தினை பேர் இருப்பினமெண்டு கேட்டனான் அன்ரி. கன நேரம் கிணத்துக்குள்ள பாத்துக்கொண்டு நிண்டவர். பிறகு, ஒரு ஆள் எண்டு சொன்னவர். நீங்களே நல்லாச் செய்வீங்கள்தானே, ஏன் என்னைக் கூப்பிட்டனீங்கள் எண்டும் கேட்டனான். 'நான் செய்து பிழைச்சா, பிறகு நிண்டு திருத்திக் குடுக்க என்னால ஏலாது பிள்ளை. நீ வடிவாச் செய்து குடு' எண்டவர். செத்தவீட்டில உங்களைத் தனியக் கண்டாப் பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கினது."

நான் அழவில்லை. எனக்கு வந்தது கோபம். அயலட்டை கேட்கட்டும் என்று உங்களைப் பேசினேன். பாவி மனிதா, கட்டின பெண்சாதிக்குச் சொல்லாததை முருங்கன் பிள்ளைக்குச் சொன்னீர்களே! கொழும்பு பஸ்ஸில் அவ்வளவு தூரம் தனியாகப் போய், தனியாக அந்தக் கதையைக் கேட்டு, தனியாகத் திரும்பி வந்து, என்னிடம் சோற்றைக் குறை சொன்னீர்களே. நான் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்திருக்க மாட்டேனா? ஒரு ஆள் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

கத்திக் களைத்த பிறகுதான் மேடைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். கையை நீட்டினேன். மேடை முழங்கை மடிகிற இடத்தில் சரியாக வந்து நின்றது. எத்தனை மாதம் இந்த மேடைக்கு முன்னால் நின்று, இதில் யார் சமைப்பது என்று உங்களைத் திட்டியிருப்பேன். வருஷக்கணக்காக ஒவ்வொரு வீட்டையும் வாங்க வருகிறவர்களின் கண்ணால் பார்த்துப் பழகியவளுக்கு, தன் அளவில் ஒரு வீடு வந்து நின்றபோது அது பிழையாகக் கட்டிய வீடாகத் தெரிந்திருக்கிறது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஜெனிற்றாதான் பிடித்துக்கொண்டாள்.

கனடாக்காரர்கள் பின்னேரம் வந்தார்கள். மனைவி நல்ல உயரமான பெண். சுற்றிப் பார்த்துவிட்டு, "வீடு நல்ல வடிவு. மேடைதான் கொஞ்சம் பதிவு, உயர்த்தித் தருவீங்களோ?" என்று கேட்டாள்.

"இல்லை தங்கச்சி. எனக்கு இது சரி" என்றேன். "நான் விக்கேல்லை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ." புரோக்கர் முறைத்துக்கொண்டு போனார். அவர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

இந்த மேடையில் மீன் வெட்டும்போது முதுகு நோவதில்லை. உங்கள் மீதுள்ள கோபமும் குறையவில்லை. ஜன்னலால் சனத்தோடு கதைத்துக்கொண்டே கைவேலை முடிந்துவிடுகிறது. கதை நிற்கிற நேரங்களில் உங்களோடு சண்டை பிடிக்கிறேன்.

போன ஞாயிறு பங்குச் சுவாமியாரைக் கூப்பிட்டு, செபம் சொல்லி வீட்டை மந்திரிக்க வைத்தேன். குடிபூருகிற எல்லோரும் செய்கிறதுதான். நாங்கள்தான் எந்த வீட்டையும் மந்திரித்ததில்லை, அதை வாங்குகிறவர்களுக்கு விட்டுவிடுவோம். சுவாமியார் மூலைமூலையாகத் தீர்த்தம் தெளித்து முடித்து, ஆசீர்வாதச் செபத்துக்காகப் புத்தகத்தைத் திறந்துகொண்டு கேட்டார்.

"வீட்டில எத்தினை பேர் இருக்கிறீங்கள்? பேரைச் சொல்லுங்கோ."

"ரெண்டு பேர், சுவாமி" என்றேன். முதலில் உங்கள் பெயரைச் சொன்னேன்.

உங்களைப் புதைகுழியில் வைத்துச் செபம் சொன்னவரும் அதே சுவாமியார்தான். என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்துக் குனிந்து, நான் சொன்ன ஒழுங்கிலேயே இரண்டு பெயரையும் வாசித்தார்.