சலவைக் கடையிலிருந்து எடுத்துச் சென்ற விடுமுறைப் புத்தகப் பெட்டியைத் திரும்பக் கேட்டு

அனுப்புநர்:
ரூபினி த/பெ சுகுமாரன்,
பிளாக் C, செரோஜா அடுக்குமாடி,
கெலுகோர், 11700 பினாங்கு.

பெறுநர்:
உதவி அதிகாரி அவர்கள்,
தமிழ்மொழிப் பிரிவு,
மாவட்டக் கல்வி அலுவலகம்,
பினாங்கு.

பொருள்: புக்கிட் செரோஜா இடைநிலைப்பள்ளி எங்கள் அடுக்குமாடியின் சலவைக் கடையில் வைத்திருந்த புத்தகப் பெட்டியை, வரும் நீண்ட விடுமுறைக்கு முன் மீண்டும் அங்கே வைக்கவும், புத்தகம் படிப்பவர்கள் மேடையேறிப் பேச வேண்டும் என்ற விதியை நீக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்குப் பதினேழு வயது. மேற்சொன்ன பள்ளியில் மூன்றாம் படிவம் வரை படித்தேன். பிறை நகரில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது லாரி உரசி அப்பாவுக்கு முதுகில் அடிபட்டது. அதன் பிறகு நான் பள்ளிக்குப் போகவில்லை. எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் உள்ள சலவைக் கடையில் வேலை செய்கிறேன். பள்ளியை விட்டது பற்றி இந்த மனுவில் புகார் எதுவும் இல்லை.

மனுவை மலாயில் எழுதினால் சீக்கிரம் நகரும் என்று கடை முதலாளி ஹபீபா பீவி அக்கா சொன்னார். ஆனால் நான் சொல்ல வந்தது தமிழில்தான் ஒழுங்காக வருகிறது. பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. எங்கள் கடையில் இருப்பவை காசு போட்டால் ஓடும் இயந்திரங்கள். துணி துவைக்க அரை மணி நேரம் ஆகும், உலர்த்த இன்னொரு அரை மணி. விடுமுறை நாட்களில் வீட்டுத் துணியைக் கூடையில் இறக்கிக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள்தான். அந்த ஒரு மணி நேரமும் எல்லாரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

2. இவ்வாண்டுத் தொடக்கத்தில் வந்த நீண்ட விடுமுறையின்போது, தமிழ் போதிக்கும் பிரமிளா டீச்சர், பள்ளி நூலகத்தில் கூடுதலாக இருந்த புத்தகங்களை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, பள்ளி முதல்வரின் அனுமதியோடு எங்கள் கடையில் வைத்தார். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் கதைப் புத்தகங்கள் இருந்தன. டீச்சர் அறிவிப்பு எதையும் ஒட்டவில்லை. படிக்கச் சொல்லி யாரையும் கூப்பிடவும் இல்லை. தன் துணியை இயந்திரத்தில் போட்டுவிட்டு, ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படித்தார். நடுவில் ஒரு முறை சத்தமாகச் சிரித்துவிட்டு, எங்களைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். அவர் போன பிறகு, அவர் எதற்குச் சிரித்தார் என்று பார்க்க அந்தப் புத்தகத்தை எடுத்தேன். பள்ளியை விட்ட பிறகு நான் கையில் எடுத்த முதல் புத்தகம் அதுதான்.

3. மற்றவர்கள் அவ்வளவு சீக்கிரம் தொடவில்லை. சில நாள் பெட்டியின் மேல் கூடைகள்தான் இருந்தன. அது மாறியதற்குக் காரணம் கணக்கு ஆசிரியர் மோகனராஜ் சார். அவர் தடிமனான போர்வைகளைத் துவைக்க வந்தார். நேரம் போகவில்லை என்று ஒரு துப்பறியும் கதையை எடுத்தார். கப்பலில் நடக்கும் ஒரு கொலையைப் பற்றிய கதை. துவைத்து முடித்த இயந்திரம் மணியடித்தது. சார் எழுந்திருக்கவில்லை. அடுத்து நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியதும் ஹபீபா அக்காவே போர்வைகளை எடுத்து உலர்த்தப் போட்டார். உலர்ந்தவற்றையும் அவரே மடித்து வைத்தார். "சார், கடையைச் சாத்தணும்லா, கொலைகாரனை நாளைக்கு வந்து பிடிங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் சார் நிமிர்ந்தார்.

இது அன்றைக்கே நான்கு பிளாக்குகளுக்கும் தெரிந்துவிட்டது. மறுநாள் நான்காம் படிவம் படிக்கும் ஜாஹிர் காலையிலேயே வந்து அந்தப் புத்தகத்தை எடுத்து, சாருக்கு முன் முடித்துவிட்டான். பிறகு சார் வந்தபோது, "சார், விடுமுறைக் கணக்குப் பயிற்சியைக் குறைங்க, இல்லேன்னா கொலைகாரன் பேரைச் சொல்லிடுவேன்" என்று மிரட்டினான். சார் காதைப் பொத்திக்கொண்டு, "டேய், சொன்னே, பயிற்சி ரெண்டு மடங்கு!" என்று கத்தினார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தோம். அதன் பிறகு பெட்டியின் மேல் யாரும் கூடை வைக்கவில்லை. பிள்ளைகள் துணியில்லாமலும் வந்தார்கள். மோகனராஜ் சார் தன்னோடு இன்னும் இரண்டு ஆசிரியர்களை அழைத்து வந்தார். இடத்தை அடைக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே ஹபீபா அக்கா கூடுதலாக நாற்காலிகள் வாங்கிப் போட்டார்.

4. இதில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு யாரிடமும் எளிதில் பேச வராது. பள்ளியை விட்ட பிறகு, கூடப் படித்தவர்கள் கடைக்கு வந்தால் துணி மடிப்பது போல் பின்பக்கம் போய்விடுவேன். ஏன் நின்றாய், எப்போது திரும்பி வருவாய் என்று கேட்பார்கள். கேட்காதவர்களும் அதைத்தான் நினைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். அந்த விடுமுறையில் என்னோடு படித்த நூருல் ஹுதா நேராக வந்து, "ஏய் ரூபினி, நீ எது வரைக்கும் வந்துட்டே?" என்று கேட்டாள். நாங்கள் இருவரும் ஒரே கதையைப் படித்துக்கொண்டிருந்தோம். கிணற்றடியில் நடக்கும் சண்டை வரைக்கும் என்றேன். அவள் அந்த இடத்தைத் தாண்டியிருந்தாள். கதையில் வரும் அக்காள் செய்தது சரிதான் என்றாள், நான், இல்லை என்றேன். இரண்டு சுற்றுத் துணி முடியும் வரை பேசிக்கொண்டிருந்தோம். பள்ளியைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அந்த விடுமுறை முழுவதும் எல்லாரும் எல்லாரிடமும் கேட்டது, எது வரைக்கும் வந்துவிட்டாய் என்பதுதான்.

5. பள்ளி திறந்ததும் இந்தச் செய்தி முதல்வரின் காதுக்குப் போனது. அவர் மகிழ்ச்சியடைந்தார் என்று பிரமிளா டீச்சர் சொன்னார். அவர் பின்னர் செய்ததும் நல்லெண்ணத்தில் செய்ததே. ஆண்டு நடுப்பகுதி விடுமுறையில் பெட்டியிலிருந்து புத்தகம் எடுக்கும் ஒவ்வொருவரும், விடுமுறைக்குப் பின் திங்கட்கிழமை சபைகூடலில் மேடையேறி அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று அறிவித்தார். ஆசிரியர்களும் முன்மாதிரியாகப் பேச வேண்டும் என்றார். நன்றாகப் பேசுபவருக்குக் கோப்பை என்றும் சொன்னார்.

அந்த விடுமுறையில் கடைக்கு வந்தவர்கள் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஜாஹிர் ஒரு புத்தகத்தை எடுத்துப் பின்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வைத்துவிட்டான். "எடுத்தா மைக் பிடிக்கணும், வேணாம்லா" என்றான். நூருல் ஹுதா நான் பார்க்காதபோது ரகசியமாகப் படித்தாள். மேடையில் பேச வேண்டியவர் என்று தன் பெயர் பள்ளிக்குப் போய்விடுமோ என்று பயம். மோகனராஜ் சார் வரவே இல்லை. வீட்டில் புது இயந்திரம் வாங்கிவிட்டதாகக் கேள்வி. கோப்பை வாங்கிய மாணவன் பேசிய புத்தகம் அந்த விடுமுறை முழுவதும் என்னிடம் இருந்தது. கதைச் சுருக்கம் கைப்பேசியில் கிடைக்கிறது. அவனைக் குறை சொல்லவில்லை, அவன் பெயரையும் எழுதவில்லை. விதி என்ன கேட்டதோ அதைத்தான் அவன் கொடுத்தான்.

6. ஜூலை மாதத்தில் பள்ளியிலிருந்து இருவர் வந்து பெட்டியைத் தூக்கிச் சென்றார்கள். மாணவர்களிடம் ஆர்வம் இல்லை என்று காரணம் சொன்னார்கள். ஆர்வம் இருந்தது, ஐயா. எங்கள் கண்முன் இருந்தது. மேடை வந்ததும் போய்விட்டது.

பிரமிளா டீச்சர் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டார். பள்ளிக்கு நானும் ஒரு கடிதம் அனுப்பினேன், பதில் இல்லை. நேரில் போனபோது வாசலில் காவலர் சுப்பையா அண்ணன், "யாரைப் பார்க்கணும் தங்கச்சி, என்ன விஷயம்?" என்று அன்பாகத்தான் கேட்டார். பின்னால் இரண்டு கார்கள் காத்திருந்தன. "ஒன்னுமில்ல அண்ணே" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

7. அடுத்த மாதம் நீண்ட விடுமுறை தொடங்குகிறது. ஆகவே தங்களிடம் வேண்டுவது:

அ) அதற்கு முன் பெட்டி கடைக்குத் திரும்ப வேண்டும். புத்தகங்களை நான் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன். ஹபீபா அக்காவும் சம்மதித்துக் கீழே கையொப்பமிட்டிருக்கிறார்.

ஆ) படித்தவர்களைப் பேசச் சொல்லாமல் விட வேண்டும். பேச விருப்பமுள்ளவர்கள் கடையிலேயே பேசிக்கொள்வார்கள், நிறுத்துவதுதான் கஷ்டம்.

இ) ஆசிரியர்கள் வர வேண்டும். கண்காணிக்க வேண்டாம், பாடப்புத்தகமும் வேண்டாம். அவர்களுக்குப் பிடித்ததை எடுத்துப் படித்தால் போதும். மாணவர்களுக்குப் படி என்று சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆசிரியர் ஒருவர் துணியை மறந்து படித்ததை நாங்கள் அன்றுதான் முதல் முறை பார்த்தோம்.

ஈ) என்னைப் போல் பள்ளியில் இல்லாதவர்களும் புத்தகத்தைத் தொடலாம் என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும்.

யாராவது மேடையேறிப் பேசினால்தான் பெட்டி திரும்பும் என்று பள்ளி சொன்னால், மற்றவர்களை விட்டுவிட்டு என்னை அழைக்கும்படி வேண்டுகிறேன். நான் அந்தப் பள்ளி மாணவி இல்லை என்பதால் வாசலில் விடச் சொல்லித் தாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும். எனக்குக் குரல் நடுங்கும், சத்தமும் வராது. பின் வரிசைக்குக் கேட்குமா என்று தெரியாது. ஆனாலும் எல்லாருக்கும் சேர்த்து நான் ஒருத்தி பேசிவிடுகிறேன். அவர்கள் கடையில் உட்கார்ந்து படிக்கட்டும்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன். நன்றி, ஐயா.

இடம்: கெலுகோர், பினாங்கு
நாள்: 24 நவம்பர் 2025

மரியாதையுடன்,
சு. ரூபினி

கடையில் பெட்டி வைக்க எனக்குச் சம்மதம்:
ஹபீபா பீவி, கடை உரிமையாளர்