பதினொரு கயிற்றுக் கம்பம்

இஞ்சேருங்கோ,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். காலையில் கடற்கரையில் கதிரை போட்டுக்கொண்டு நான் செத்துப்போன புருஷனோடு, உங்கள் ஆவியோடு, கதைப்பதாக ஊரில் பேச்சு. கிழவிக்கு அறளை பெயர்ந்துவிட்டது என்றும் சொல்கிறார்களாம். கதிரை உண்மை. மற்றதெல்லாம் பொய். அங்கே நான் உங்கள் கம்பத்துக்குக் காவல் இருக்கிறேன். உங்களோடு கதைப்பதானால் வீட்டில், மேசையில், பேனாவை எடுத்துக்கொண்டுதான் கதைப்பேன். இப்போது கதைப்பது போல.

ஆண்டுத் திவசத் தாளில் உங்கள் படமும் நாலு வரிப் பாட்டும் போட எனக்கு மனம் வரவில்லை. பாட்டுக்குப் பதிலாக இந்தக் கடிதத்தை அச்சடிக்கச் சொல்லிவிட்டேன். வீடு வீடாகப் போகும். உங்கள் தம்பி வீட்டுக்கும் போகும்.

புதிதாக இந்தக் கரைக்குக் குடிவந்தவர்களும் வாசிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே ஒருமுறை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மன் திருவிழா முடிந்த மறுநாள் நம் கரையில் அம்புப் பந்தயம். குறி வைத்து அடிக்கும் பந்தயம் இல்லை. சோளகக் காற்று முதுகில் அடிக்க, வடக்குப் பார்த்து, யாருடைய அம்பு கூடத் தூரம் போகிறது என்பதுதான் போட்டி. வில் மரத்தில், கையால் செய்ததாக இருக்க வேண்டும். தூரத்தைக் கோயிலின் தேங்காய்த் தும்புக் கயிற்றால் அளந்து, எத்தனை கயிறு என்று எண்ணுவார்கள். இரண்டாவதாக வந்தவர் வென்றவரின் அம்பை மணலிலிருந்து பிடுங்கி, அந்த இடத்தில் தன் கையாலேயே கம்பம் நட வேண்டும். தோற்றவன் நட்ட கம்பத்தைப் பற்றிப் பிறகு ஒருவரும் வாய் திறக்க முடியாது. அதற்குத்தான் அந்த வழக்கம்.

சண்டைக் காலத்தில் பந்தயம் நின்றுபோனது. கையில் வில்லோடு கடற்கரையில் நின்று ஆமிக்காரனுக்கு விளக்கம் சொல்ல யாருக்குத் தைரியம் இருந்தது? சண்டை முடிந்து பந்தயம் மறுபடி தொடங்கிய வருடம், அறுபது தாண்டிய நீங்கள் பதினொரு கயிறு தூரம் விட்டீர்கள். இரண்டாவதாக வந்தது உங்கள் தம்பி இராசரத்தினம். பனங்கம்பத்தை நட்டதும் அவர்தான். நட்டுவிட்டு உங்களைக் கட்டிப்பிடித்து அழுதாரே, நினைவிருக்கிறதா? அந்தக் கம்பத்தை இதுவரை ஒரு அம்பும் தாண்டவில்லை.

அந்த வில்லில் எனக்கும் பங்கு உண்டு. எலுவன்குளத்துப் பக்கமிருந்து நீங்கள் கொண்டுவந்த விண்ணாங்கு மரத் தடி நம் வீட்டுப் பின்கோடியில் இரண்டு மழை பார்த்தது. பிறகு அதைப் உடைந்த போத்தல் ஓட்டால் சுரண்டிச் சுரண்டி மெலிய வைத்தீர்கள். பலா மரக் கிளையில் மாட்டி, நாணை மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டு, அடுப்படியில் நின்ற என்னைக் கூப்பிடுவீர்கள்.

"இஞ்ச வாரும். வில்லிண்ட ரெண்டு கையும் ஒரே மாதிரி வளையுதா, பாரும்."

"கீழ்க் கை விறைப்பு. நடுவில இருந்து ஒரு சாண் தள்ளி."

"கன்னியர் மடத்துக் கண்ணுக்குத் தப்பேலாது!"

சிலாபத்துக் கன்னியர் மடத்தில் படித்தபோது மதர் என் தையலை மூன்று தரம் பிரிக்க வைத்தது வீண்போகவில்லை. நான் காட்டிய இடத்திலேயே சுரண்டினீர்கள். ஆகவே அந்தத் தூரத்தைப் பொய் என்று ஒருவர் சொன்னால் அது என் கண்ணுக்கும் சொன்னதுதான்.

சொல்லிவிட்டார்கள். இந்த வருடம் பந்தயக் குழுவுக்குத் தலைவர் உங்கள் தம்பி. கோயில் களஞ்சியத்தில் இருந்த தும்புக் கயிற்றை எலி தின்றுவிட்டதாம். கரைவலை நைலோன் கயிற்றில் அதே அளவு வெட்டி, போன கிழமை கம்பம் வரை அளந்தார்கள். பத்துக் கயிறும் கொஞ்சமும்தான் வந்தது. பதினொன்று என்பது பொய்க் கணக்கு, கம்பத்தைப் பிடுங்கிப் புதிதாகத் தொடங்குவோம் என்று கூட்டத்தில் முடிவெடுத்துவிட்டார்கள்.

நான் வேலியோரம் நின்று அவர்கள் அளந்ததைப் பார்த்தேன். நுனிக்கு இரண்டு பேர். எல்லோரும் வலை இழுத்துப் பழகியவர்கள். கயிற்றைத் தொட்டதும் குதிக்காலை மணலில் ஊன்றிவிட்டார்கள். தொய்யக் கூடாது என்று ஒருவன் கத்த, மற்றவர்கள் வலை மடி நிறைய மீன் வருவது போல இழுத்தார்கள். தும்புக் கயிறு அந்த இழுவைக்கு அசையாது. நைலோன் நீளும். ஒவ்வொரு கயிறும் தன் அளவை மீறி நீண்டால் பதினொன்று பத்தாகத்தானே வரும்? வலைக்காரருக்கு இது தெரியாதா? நீளுகிற கயிறு என்று நாள் முழுக்க அதைத் திட்டுகிறவர்கள் அவர்கள்தானே!

செவ்வாய்க்கிழமை விடிய, கம்பத்தைக் கிண்டிப் பிடுங்க இரும்பு அலவாங்கோடு வந்தார்கள். எனக்கு முதல்நாளே செய்தி கிடைத்திருந்தது. அவர்கள் வரும்போது கம்பத்தில் முதுகைச் சாய்த்துக் கதிரையில் இருந்தேன்.

"என்ன அண்ணி, காத்து வாங்கவா வந்தீங்க?" என்றார் உங்கள் தம்பி.

"ஓம் தம்பி. வீட்டில காத்து முடிஞ்சு போச்சு."

அலவாங்கு வைத்திருந்தவன் சிரித்துவிட்டான். பிறகு அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டு, "அம்மா, கொஞ்சம் எழும்புங்கோ. ரெண்டு குத்துத்தான், கழண்டிடும்" என்றான்.

"நட்டவர் பக்கத்திலதான் நிக்கிறார். ஏன் நட்டவர் எண்டு அவரிட்டக் கேட்டுப்போட்டுக் குத்தும்."

உங்கள் தம்பியின் முகம் கறுத்துப்போனது. "அண்டைக்கு அண்ணன்ட சந்தோசத்துக்காக நட்டன். கயித்த ஆர் சரியா எண்ணினது? இந்தக் கம்பத்தப் பாத்துப் பாத்தே இளம் பொடியள் ஒருத்தனும் வில்லத் தொடுறானில்ல. செத்த மனிசனோட ஆர் போட்டி போடுவான், அண்ணி?"

அந்தக் கடைசிக் கேள்வி என்னைத் தைத்தது. அதில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் நியாயத்துக்காகப் பொய்யாக அளக்கலாமா? கோபத்தில் பேசுகிறவள் பாதியைத்தான் சொல்வாள் என்பார் மதர். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. வெயில் ஏறியது. அலவாங்கை மணலில் குத்தி வைத்துக்கொண்டு அவர்கள் நின்றார்கள். தோணிகள் கரைக்கு வரத் தொடங்கியதும் மீன் இறக்கப் போய்விட்டார்கள். நாளைக்கும் வருவோம் என்றார் உங்கள் தம்பி. நானும் வருவேன் என்றேன்.

அன்று பின்னேரம் அவர் மகன் சுதன் வந்தான். இந்த வருடம் அம்பு விடப் போகிறவன் அவன்தான். சொந்தத் தோணி, இரண்டு பிள்ளை, இன்னும் என் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவான். தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"பெரியம்மா, அது நிக்கோணும். அதத் தாண்டி விட்டாத்தான் நான் விட்டது. பிடுங்கிப்போட்டுப் பந்தயத்தில வெண்டா, சனம் முதுகுக்குப் பின்னால சிரிக்கும்."

"இத உன்ர அப்பாட்டச் சொல்லு."

"ஏலாது, பெரியம்மா. எனக்காகத்தான் செய்யிறார்."

தன் வில்லைக் காட்டினான். அதுவும் விண்ணாங்குதான். கூரை வளையில் மாட்டி இழுக்கச் சொன்னேன். மேல் கை விறைப்பு. காட்டட்டுமா, விடட்டுமா? உங்களைத் தோற்கடிக்கப் போகிற வில் அது. நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்?

காட்டினேன். போத்தல் ஓட்டையும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது உங்களுக்கு என் வாக்கு. ஊர் பார்க்க, காய்ந்த தும்புக் கயிற்றால் மறுபடி அளக்கட்டும். ஒரு நுனியை உங்கள் தம்பி பிடிக்கட்டும், மறு நுனியை நான் பிடிக்கிறேன். நானும் இழுக்க மாட்டேன், அவரும் இழுக்கக் கூடாது. பதினொன்றுக்கு ஒரு சாண் குறைந்தாலும் அலவாங்கை வாங்கி உங்கள் கம்பத்தை நானே பிடுங்குவேன். அதற்காக நீங்கள் என்மேல் கோபிக்கக் கூடாது. சரியாக இருந்தால் அது அங்கேயே நிற்கும். சுதனின் அம்பு அதைத் தாண்டினால், தோற்ற பக்கம் நம்முடையது. அவனுடைய கம்பத்தை நான் நடுவேன். மணலைத் தட்டி இறுக்கி, அவனைக் கட்டிப்பிடித்து அழவும் செய்வேன். பிறகு ஒருநாளும் அது பொய் என்று சொல்ல மாட்டேன்.

தம்பி இராசரத்தினம், இனி இது உமக்கு. கொடியேற்றத்துக்கு முன் மறுபடி அளப்பீரா, மாட்டீரா? சுதனிடம் சொல்லி அனுப்ப வேண்டாம், வாசல் படலையில் நின்று சொல்லவும் வேண்டாம். ஒரு தாளில் எழுதி, கையொப்பம் வைத்து அனுப்பும். அது வரும்வரை என் கதிரை அங்கேதான் இருக்கும்.

வேலாயுதத்தின் மனைவி,
இராசரத்தினத்தின் அண்ணி,
சுதனின் பெரியம்மா,
கனகேஸ்வரி