சேனை வைத்த விரல்

12 நவம்பர், புதன்

“சார், வைரஸுக்கு உயிர் இருக்கா, இல்லியா?” என்று பல வருஷங்களுக்கு முன் என் ஆறாம் வகுப்பில் மீனா கேட்டாள். அது ‘என்னையே அச்சடி’ என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு மாதிரி என்றேன். வெளியே கிடந்தால் வெறும் சீட்டு. நம் தேயிலை ஆலைக்குள் நுழைந்துவிட்டால், மெஷின்கள் தேயிலையை விட்டுவிட்டு அந்தச் சீட்டையே ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளும். நம் உடம்பின் செல்லும் அப்படித்தான்.

இப்போது அவளே தாய். போன வெள்ளிக்கிழமை மீனாவின் பச்சைப்பிள்ளைக்கு நான்தான் முதல் இனிப்பாகச் சேனை வைத்தேன். வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வருமாம். “சார் புத்தி அப்படியே வரட்டும் லா!” என்று தோட்டத் தொழிலாளர் லயத்துப் பெண்கள் சிரித்தார்கள். எனக்கு லேசாக மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மலைக்குளிர்தானே என்று கையால் துடைத்துக்கொண்டு, அதே விரலால் சீனித் தண்ணீரைத் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தேன்.

இன்று பிள்ளை தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறுகிறது. வைரஸ் என்று டாக்டர் சொன்னாராம்.

“நீங்க வச்சதால இல்ல சார். வீட்ல எல்லாருக்கும் இருமல்தான்,” என்றாள் மீனா போனில்.

அன்று அந்த வீட்டில் யாரும் இருமி நான் கேட்கவில்லை.

எனக்கே எழுதிவைக்கிறேன்: இனி மூக்கு ஒழுகினால், பச்சைப்பிள்ளையை வாசலில் நின்றே பார்த்துவிட்டுத் திரும்பி வா.