நல்லா ஊதுங்க, நானா

மார்ச் 4, செவ்வாய்

யுகேஷின் இருமல் இன்னும் நிற்கவில்லை. தான் ஓட்டும் ஸ்கூல் வானை அவர் கழுவும்போது ஜன்னலால் கேட்டது. காலையும் மதியமும் பிள்ளைகளோடு அடைந்து கிடக்கும் மனுசன். வகுப்பில் காசநோய்க் கிருமியைப் படம் கீறிக் காட்டுகிறேன். வீட்டில் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் என்ன உயிரியல் ஆசிரியை?

மார்ச் 8, சனி

நெஞ்சு நோய்க் கிளினிக்கில் புதிய கருவி ஒன்றைப் பரீட்சித்துப் பார்க்கிறார்களாம். குழாயில் ஊதினால், மூச்சோடு வரும் கிருமியைப் பிடித்துவிடுமாம். இவருடையது வறட்டு இருமல், சளியே வருவதில்லை. பொருத்தமாக இருக்கும் என்று சொன்னேன். முகம் கறுத்துவிட்டது.

"ஊதணுமா?"

"ஓம். ஊதினால் போதும்."

"சளி வேணும்னா எவ்வளவு வேணும்னாலும் தாறேன் றஞ்சி. ஊதுறதெல்லாம் வேணாம்."

இல்லாத சளியைத் தருகிறாராம்!

மார்ச் 11, செவ்வாய்

ஒருவழியாகக் கூட்டிப் போனேன். கருவிக்குப் பொறுப்பாக ரிஸ்மி என்றொரு இளைஞர்; அண்ணனை 'நானா' என்பவர். இவர் தேத்தண்ணியை ஆற்றுவதுபோல ஊதினார். கருவி ஏற்கவில்லை. மறுபடியும் அப்படியே.

"நல்லா ஊதுங்க, நானா. பேர்த்டே மெழுகுதிரி அணைக்கவே இது காணாது."

"நெஞ்சு வலிக்குது தம்பி."

ஊதவும் ஏலாத அளவுக்கு வந்துவிட்டதா? நாளை வரச் சொன்னார்கள். வானில் ஏறியதும் இவர் பெரிதாக, நீளமாக ஒரு மூச்சு விட்டார். நெஞ்சு வலிக்காரன் விடுகிற மூச்சா அது?

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் நெரிந்து நின்றபோது பிடித்துக்கொண்டேன். "என்னத்துக்குப் பயப்பிடுறியள்?"

"அது வந்து... பக்கத்து வீட்டு இராமையா அண்ணே இருமலுக்கு அரிஷ்டம் குடுத்தாரு. ஓட்டம் முடிஞ்சதும் தெனம் ஒரு மூடி. அதுல கொஞ்சம் சாராய வெறி இருக்காமே. ஊதினா காட்டிக் குடுத்துரும். லைசன் போயிரும். ஒங்கப்பாகிட்ட வேற குடியத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

பொலிஸ் பலூன்! குடித்த டிரைவர்களைப் பிடிக்கும் பலூன் என்றல்லவா இந்த மனுசன் நினைத்திருக்கிறது! சிரித்தேன். சிரிப்பு நிற்காமல் அழுகையாக வந்தது.

"விசர் மனுசா, அது கிருமியை மட்டும்தான் தேடும்."

"நெசமாவா? அப்ப வண்டியத் திருப்பவா?"

பாலத்தின் நடுவில்! பின்னால் நின்றவன் ஹோனிலிருந்து கை எடுக்கவில்லை.

மார்ச் 12, புதன்

ஊதினார். "மெஷின் ஒடஞ்சிரும் நானா!" என்றார் ரிஸ்மி.

மார்ச் 14, வெள்ளி

கிருமி இருக்கிறது. எக்ஸ்ரேயும் அதையே சொன்னது. ஆறு மாதம் மாத்திரை.

டொக்டரிடம் இவர் கேட்டது ஒன்றுதான். "வான் புள்ளைகளுக்கு?"

எல்லோரையும் பரிசோதிப்பார்களாம். வெளியே வந்ததும், "வீடு வீடாப் போய் நாமளே சொல்லிருவோம் றஞ்சி. அடுத்தவங்க சொல்லித் தெரியக்கூடாது" என்றார். சொன்ன பிறகு யார் இவரை நம்பிப் பிள்ளையை ஏற்றுவார்கள்? மருந்துக்கடைக்குப் போய் இரண்டு முகக்கவசம் வாங்கினேன்.

மார்ச் 16, ஞாயிறு

முகக்கவசம் போட்டுக்கொண்டு போனோம். எல்லோரும் வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டார்கள். இரண்டு வீடுகளில் கதவே திறக்கவில்லை. ஜன்னலுக்குக் கத்திச் சொல்லிவிட்டு வந்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

வான் பிள்ளைகள் ஒருவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. செய்தியைக் கேட்டவர் குசினிக்குள் போய், கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றார். நான் உள்ளே போகவில்லை.

செப்டெம்பர் 20, சனி

நேற்றோடு மாத்திரை முடிந்தது. கதவு திறக்காத வீடொன்றின் அம்மா இன்று வந்து, திங்கள் முதல் மகளை ஏற்றச் சொல்லிவிட்டுப் போனார். தொற்றாது என்று டொக்டர் எப்போதோ சொல்லியும், மாதக்கணக்காகச் சுவரைப் பார்த்தே என்னோடு கதைத்த மனுசன், ஓடிவந்து என் முகத்துக்கு நேரே அந்தச் செய்தியைச் சொன்னார். மூச்சில் கருவாட்டு மணம்.

"பல்லை விளக்கிப்போட்டு வந்து கதையுங்கோ."

இன்னும் கிட்ட வந்தார்.