குமாரின் தாடி

ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு. கடலூர்.

இன்று குமாரைச் சிதம்பரத்தில் நெஞ்சு டாக்டரிடம் காட்டினோம். என் இளைய மகன். பெங்களூரில் ஆகாய விமானத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறான். ஒரு மாதமாக இருமலும் இழுப்பும்.

"மாஸ்க் போட்டுட்டுதான அடிச்ச?" என்று டாக்டர் கேட்டார்.

"போட்டேன் சார்."

"இந்தத் தாடியோடயா? மாஸ்க் எப்படி மூஞ்சில ஒட்டும்? சந்து வழியா பெயிண்ட் புகை பூரா உள்ள போயிருக்கு."

மருமகள் சுதா மாசமாக இருக்கிறாள். பிள்ளை பிறக்கும்வரை புருஷன் சவரம் செய்யக்கூடாது என்று பிடிவாதமாக நின்றவள் அவள் அம்மா. கல்யாணப் பந்தியில் என் அக்காவைப் பாதியில் எழுப்பிவிட்டவளும் அவள்தான். கம்பெனிக்காரன் தாடியைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே விட்டிருக்கிறான்.

"இன்னிக்கே வழிச்சிடுறேன் சார்."

"இனிமே வழிச்சும் புண்ணியமில்லப்பா. அந்தப் பெயிண்ட் கொஞ்சம் பட்டாலும் உனக்கு இழுக்கும். உயிருக்கே ஆபத்து. வேலைய விட்டுடு."

பஸ்ஸிலிருந்து சம்பந்திக்குப் போன் செய்து சொன்னேன். "தாடிய எடுத்துடலியே?" என்றாள். சாகிறவரை மறக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் குமார் துணியை மடித்துப் பையில் வைத்தான்.

"எங்கடா போற?"

"திங்கக்கிழம டூட்டிம்மா. எனக்கு வேற என்ன வேல தெரியும்?"

படுத்தால் இழுக்கிறதென்று சுவரில் சாய்ந்தபடியே தூங்குகிறான். "போவாதன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க அத்த," என்கிறாள் சுதா. பிள்ளையை எதை வைத்து வளர்ப்பது என்று அவன் திருப்பிக் கேட்பான். இருவரும் அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.