ஐஸுக்குக் கட்டிய வீடு

சிகாகோ,
8 அக்டோபர் 1894

அன்புத் தங்கை லவினியாவுக்கு,

உன் கடிதம் படித்து மனம் கனத்துவிட்டது. கணவனும் போய், வாடகை வீட்டையும் காலி செய்யச் சொன்னால் நீ எங்கே போவாய்! குளிர்காலம் முடியும்வரை குழந்தை எஃபியோடு இங்கே வந்து இருக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். என் கையில் இருந்தால் நாளைக்கே வா என்பேன். எங்கள் மகள் ப்ளான்ச்சின் கல்யாணப் பேச்சு நடக்கும்போது வீட்டில் துக்கக் கறுப்பு உடை நடமாடக் கூடாது என்கிறாள் உன் அண்ணி. படகுக் கொதிகலனில் கரி அள்ளியவனை நீ கட்டிக்கொண்டதை அவள் இன்னும் மறக்கவில்லை. நான் எப்போதோ மறந்துவிட்டேன்.

அதனாலென்ன, உனக்கு ஒரு மாளிகையே தருகிறேன். விஸ்கான்சினில் ஏரிக்கரையில் நானே வரைந்து கட்டிய கோடை வீட்டுக்குப் போ. விருந்தினர் படகில் வருவதால் முகப்பை ஏரியைப் பார்த்துத் திருப்பியிருக்கிறேன். மூன்று பக்கமும் தாழ்வாரம், மேலே கோபுர அறை. சுவர் ஒற்றைப் பலகைதான், பூச்சு கிடையாது. ஏரிக்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். ஜூனில் கல்யாணம் அங்கேதான், எதையும் மாற்றாமல் பார்த்துக்கொள்.

உன் நலம் மறவாத அண்ணன்,
ஹொரேஸ்


ஏரி வீடு,
19 நவம்பர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் காற்று சொன்னபடியே நுழைகிறது. மறுபக்கம் போவதைத்தான் காணோம். காலையில் போர்வைமேல் பனித்தூள் கிடந்தது. "மாமா இந்த வீட்டுக்கு ஏம்மா சட்டை போடல?" என்கிறாள் எஃபி. ஆறு வயசுக்கு வாய் அதிகம். கேட்டுவிட்டு இருமுகிறாள்.

பூ ஓடு பதித்த உங்கள் கணப்பில் நாலு சுள்ளிதான் கொள்ளும். ஓர் இரும்பு அடுப்பு அனுப்புங்கள் அண்ணா. முடியாவிட்டால் எஃபியை மட்டுமாவது அழைத்துக்கொள்ளுங்கள். சமையற்காரி அறையில் ஒரு மூலை போதும். அவள் மார்பில் சளி கட்டியிருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் தங்கை,
லவினியா


சிகாகோ,
12 டிசம்பர்

அன்புத் தங்கைக்கு,

அடுப்பு வைத்தால் புகைக்குழாய்க்காகக் கூரையில் ஓட்டை போட வேண்டும். அந்தச் செதுக்கு வேலையை நீயே பார்க்கிறாயே, உனக்கு மனசு வருமா? எஃபியை இப்போது அழைக்க முடியாது, மாப்பிள்ளை வீட்டார் வந்துபோய்க்கொண்டிருக்கிறார்கள். நல்ல காற்று மார்புக்கு நல்லதுதான்.

கிறிஸ்துமஸ் பரிசாகக் குழந்தைக்கு ப்ளான்ச் ஒரு பட்டு வெயில்குடை அனுப்பியிருக்கிறாள்.

அன்புடன்,
ஹொரேஸ்


ஏரி வீடு,
6 ஜனவரி 1895

அன்புள்ள அண்ணாவுக்கு,

நல்ல செய்தி. எஃபிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. நாங்கள் தோட்டத்து ஐஸ் அறைக்குக் குடிபோய்விட்டோம்! போன குளிர்காலத்தில் ஏரியில் வெட்டிச் சேமித்த ஐஸ் தீர்ந்து காலியாகத்தான் கிடந்தது. இரட்டைச் சுவர், நடுவே முழங்கை ஆழத்துக்கு மரத்தூள், ஜன்னலே கிடையாது. சுட்ட செங்கல்லைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தால் விடியும்வரை சூடு போவதில்லை. கோடையில் ஐஸ் உருகக் கூடாதென்று எவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறீர்கள்! எஃபி நேற்று பாடினாள்.

ஏரியில் ஐஸ் வெட்டும் ஹால்வர் வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். "இந்த மாசம் இதுல ஐஸ் ரொப்பணும்மா. ஐயா உத்தரவு போட்டா நான் என்ன பண்றது? அண்ணன்தானே, ஒரு வார்த்த எழுதிக் கேளுங்க" என்றார்.

கேட்கிறேன் அண்ணா. இந்த ஒரு வருஷம் காலியாக விடுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

லவினியா


சிகாகோ,
14 ஜனவரி

லவினியாவுக்கு,

அது மனிதர் குடியிருக்கிற இடமா? வெளியே தெரிந்தால் என் தங்கையை நான் ஐஸ் அறையில் வைத்திருக்கிறேன் என்று பேச மாட்டார்களா? ஐஸை இப்போது வெட்டினால்தான் உண்டு. ஜூன் விருந்துக்கு ஐஸ்கிரீம் இல்லாமல் எப்படி? ஹால்வருக்கு உத்தரவு போய்விட்டது. நீங்கள் வீட்டுக்கே திரும்புங்கள். கோபுர அறையில் வெயில் நன்றாக விழும், அதை நினைத்துத்தான் அதற்கு ஐந்து ஜன்னல் வைத்தேன்.

ஹொரேஸ்


ஏரி வீடு,
2 பிப்ரவரி

திரு. ஹொரேஸ் பென்ராஸ் அவர்களுக்கு,

உங்கள் உத்தரவுப்படி கோபுர அறைக்குத் திரும்பினோம். வெயில் நன்றாகவே விழுந்தது. செவ்வாய்க்கிழமை அந்த வெயிலிலேயே எஃபி இறந்துபோனாள். ஐந்து ஜன்னலும் சாத்தித்தான் இருந்தன.

மண் கல்லாக இறுகிக் கிடக்கிறது. ஏப்ரல்வரை குழி தோண்ட முடியாதாம். ஹால்வரின் ஆட்கள் ஐஸ் அறையைப் பாதிக்கு மேல் நிரப்பியிருந்தார்கள். அவர்தான் எஃபியைத் தூக்கிக்கொண்டு போய் ஐஸ்மேல் கிடத்தி, மரத்தூள் போட்டு மூடினார். "இதுக்கு மேல ஒரு கட்டி வைக்க மாட்டேன்னு உங்க அண்ணனுக்கு எழுதுங்கம்மா" என்றார். எழுதிவிட்டேன்.

வீட்டில் எதையும் மாற்றவில்லை. கூரையில் ஓட்டை இல்லை. குடை பிரிக்காமல் இருக்கிறது, ப்ளான்ச்சிடம் கொடுத்துவிடுங்கள். மண் இளகியதும் என் மகளை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

ஐஸை அப்படியே விட்டுவைக்கிறேன். ஜூன் விருந்துக்குப் போதும்.

லவினியா